மூன்று சமுவூவின் தண்ணீர்

மெலானியோ சோக்கேவுக்கு எப்போதும் காக்கிப் படைதான். டிக்னோவின் டயர் பட்டறைக்குப் பின்னாலிருக்கும் அறையில் சனிக்கிழமை மதியம் கூடி, பழைய யுத்தத்தின் சண்டைகளைப் பொம்மை வைத்து ஆடுகிற கூட்டத்தில், பராகுவாயின் ஆலிவ் பச்சைப் பொம்மைகளுக்கு ஆள் போட்டி போடுவார்கள். பொலிவியாவின் காக்கிப் பொம்மைகளையும் யாராவது எடுத்தாக வேண்டுமே, இல்லாவிட்டால் யாரோடு சண்டை போடுவது? "அதான் நம்ம பொலி இருக்கானே" என்று பெட்டியை அவன் பக்கம் தள்ளிவிடுவார்கள்.

அவனுடைய தாத்தா கசியானோ, பொலிவியாவும் பராகுவாயும் மோதிய சாக்கோ யுத்தத்தில் பிடிபட்டு வந்து, இந்த லூக்கே ஊர்த் தெருக்களுக்குக் கல் பதித்த கைதி. சமாதானம் ஆனதும் மற்றவர்கள் ஊர் திரும்ப, அவர் மட்டும் ஒரு சலவைக்காரியின் வீட்டில் தங்கிவிட்டார். அவருக்கு வந்த 'பொலி' என்ற பட்டப்பெயர் மகனுக்குப் போய், மகனிடமிருந்து பேரனுக்கு வந்து, அங்கேயே கால் நீட்டி உட்கார்ந்துவிட்டது. பேரனுக்கு இப்போது தலை நரைத்தாயிற்று. பொலிவியாவின் மண்ணை அவன் ஒருமுறைகூட மிதித்ததில்லை.

பிழைப்புக்குப் பல்செட்டு செய்கிறவன். மெழுகும் சுண்ணச்சாந்தும் மெல்லிய கத்தியும் எப்போதும் கையிலிருப்பதால், கூட்டத்துக்கு வேண்டிய பொம்மைகளையெல்லாம் அவனே வார்த்துக் கொடுப்பான். தோளில் துப்பாக்கி, இடுப்பில் தண்ணீர்க் குடுவை, சிலருக்கு மீசை கூட இருக்கும். பெரிய சண்டைகளை இவர்கள் தொடுவதில்லை. அவற்றைத்தான் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்களே. முள்காட்டுக்குள் எங்கோ நடந்து, புத்தகத்தில் ஒரு வரிகூட வாங்காமல் போன சின்னச் சண்டைகளாகத் தேடிப் பிடிப்பார்கள். பழைய வரைபடங்களை வாங்குவார்கள், கிழவர்கள் இருக்கும் வீடுகளுக்குச் சென்று கேட்பார்கள், பிறகு மணல் நிறம் பூசிய பெரிய பலகையில் அதை அப்படியே விரித்து, பகடை உருட்டி ஆடிப் பார்ப்பார்கள்.

"செத்தவங்களை எழுப்பி மறுபடி சாகடிக்கிறீங்க" என்பாள் அவன் மனைவி நிமியா. "இதுக்கு மதியத் தூக்கத்தையும் கெடுத்துக்கணுமா?"

அந்த வருஷம் செப்டம்பர் வெற்றி நாளுக்கு ஊர் மண்டபத்தில் ஒரு ஆட்டம் நடத்திக் காட்டும்படி கேட்டிருந்தார்கள். லூக்கேக்காரர் யாராவது வருகிற சண்டையாக இருக்க வேண்டுமாம். யோசிக்கவே தேவையில்லை. லெப்டினென்ட் எலிஹியோ விய்யாஸ்போவா பெயரில் ஊரில் ஒரு தெருவே இருக்கிறது. சமுவூ என்கிற தொந்தி பெருத்த மரங்கள் மூன்று நின்ற இடத்தில், மண்ணைத் தோண்டிப் பனங்கட்டைகளை அடுக்கி அமைத்த 'மூன்று சமுவூ' என்ற காவல் நிலையை, பொலிவியர்கள் சுற்றி வளைத்தும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். அவருடைய பேரன் வில்ஃப்ரீதோ இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறான். பழைய கார் வாங்கி விற்கிறவன். மெலானியோவின் மகளுக்கு ஞானத்தகப்பனும் அவன்தான். அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். ஊர்ப் பக்கம் அது கூடப்பிறந்த உறவுக்குச் சமம்.

அடுத்த சனிக்கிழமை மெலானியோ ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து பலகையின் மேல் கவிழ்த்தான். புதுப் பொம்மைகள். எல்லாம் உட்கார்ந்திருந்தன. முழங்காலைக் கட்டிக்கொண்டு சில, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சில.

டிக்னோதான் எல்லா ஆட்டத்துக்கும் நடுவர். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "என்ன இது, பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"கைதிங்க" என்றான் மெலானியோ. "அந்த முற்றுகைக்கு முன்னாடியே பிடிபட்டவங்க. காவல் நிலைக்குள்ளதான் இருந்தாங்க."

"சரிப்பா. துப்பாக்கி இல்ல. நகர மாட்டாங்க. பகடையும் கிடையாது. பலகையில வெச்சா இடத்தை அடைக்கிறதைத் தவிர வேற என்ன செய்வாங்க?"

"தண்ணி குடிப்பாங்க."

சிரிப்பு நின்றது. சாக்கோவில் குண்டு பட்டுச் செத்தவர்களை விடத் தாகத்தில் செத்தவர்களைப் பற்றித்தான் எல்லா வீட்டிலும் கதை உண்டு. இவர்களின் ஆட்டத்தில் தண்ணீருக்கு நீலக் கண்ணாடி மணிகள். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மணி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அந்தக் குழு தளரும். அடுத்த சுற்றிலும் வைக்காவிட்டால் படுக்க வைத்துவிட வேண்டியதுதான். மணிகளைக் கொண்டுவருவது பின்புறச் சாலையில் வரும் தண்ணீர் லாரி. இதுவரை ஆடியதிலெல்லாம் வீரர்களுக்கு மட்டும்தான் மணி. கைதிகளுக்கும் மணி வைத்தாக வேண்டுமென்று விதி வந்தால், மூன்று சமுவூவுக்குள் இருக்கும் தண்ணீர் யாருக்கு என்ற கேள்வி வந்துவிடும்.

அந்தக் கேள்விக்கு மெலானியோவின் வீட்டில் பதில் இருந்தது. தாத்தா கசியானோவும் அவர் தம்பி சபினோவும் ஒன்றாகப் பிடிபட்டு காவல் நிலைக்குள்ளிருந்த ஒரு பள்ளத்தில் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். லெப்டினென்ட் கைதிகளுக்குத் தண்ணீரை நிறுத்தினார். பிணம் புதைக்கக் குழி தோண்டுகிறவனுக்கு மட்டும் ஒரு மடக்கு. கசியானோவுக்குக் கை வலு இருந்தது, தோண்டினார், குடித்தார். சபினோவுக்கு முடியவில்லை. தம்பிக்கான குழியையும் தோண்டிய பிறகுதான் அந்த நாளின் மடக்கு கிடைத்தது என்று தாத்தா சொன்னாராம். தெருப்பலகையில் லெப்டினென்டின் பெயருக்குக் கீழே அதெல்லாம் எழுதப்படவில்லை.

தெரெரே என்கிற குளிர்ந்த மூலிகைத் தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தவன் வில்ஃப்ரீதோ. ஐஸ் தண்ணீர் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரே மாட்டுக்கொம்புக் குவளையை ஒவ்வொருவராக நீட்டி, வாங்கி, மறுபடி நிரப்பி அடுத்தவருக்கு நீட்டுவான். மெலானியோவின் முறை வந்தது. கொம்பு அவனைத் தாண்டிப் பக்கத்திலிருந்தவனுக்குப் போயிற்று. அது தவறுதலாக நடந்ததில்லை என்று எல்லாருக்கும் புரிந்தது.

"என்ன கொம்பாத்ரே," என்றான் வில்ஃப்ரீதோ கடைசியில், "எங்க தாத்தாவைக் கொலைகாரன்னு ஊர் மண்டபத்துல வெச்சு நிரூபிக்கப் போறியா?"

"நான் எதையும் நிரூபிக்கல. இருந்தவங்களை வெச்சிருக்கேன். அவ்வளவுதான்."

"இத்தனை வருஷம் வைக்கலையே?"

"இத்தனை வருஷம் எங்கிட்டக் கேக்காம காக்கிப் பெட்டியைத் தள்ளினீங்களே, அப்ப நான் எதாவது கேட்டேனா?"

டிக்னோ கையை உயர்த்தினான். "போதும்பா, ரெண்டு பேரும். புது விதி எதுவானாலும் நம்ம வழக்கம் என்ன? ஒரு ஆட்டம் ஆடிப் பாக்கறது, அப்புறம் கை தூக்கறது. மண்டபத்துலயே ஆடிடுவோம். லெப்டினென்டா யார் ஆடறது?"

"நான்" என்றான் வில்ஃப்ரீதோ.

இரவு சாப்பிடும்போது நிமியா மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் போட்டுக்கொண்டே கேட்டாள்: "கொம்பாத்ரேவை ஊர் முன்னாடி நிக்க வெச்சு என்ன சம்பாதிக்கப் போறே?"

"சபினோன்னு ஒருத்தர் இருந்தார். தண்ணி கொடுக்காமக் கொன்னாங்க. அதை ஒரே ஒரு தடவை எல்லாரும் பாக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"பாத்துட்டு?"

அவன் கிழங்கைத் தின்றான்.

வெற்றி நாளன்று மண்டபத்தில் நல்ல கூட்டம். வெயில் வெளியே தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்தது. பலகையைச் சுற்றி மனிதர்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மூன்று தொந்தி மரங்கள், பனங்கட்டை அரண், அதற்குள் ஆலிவ் பச்சை வீரர்கள், பள்ளத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், சுற்றிலும் முள்புதருக்குள் மெலானியோவின் காக்கிகள். டிக்னோ ஒலிபெருக்கியில் விளக்கினான். கைதிகளைக் காட்டியபோது "இதுவும் எங்க ஆராய்ச்சில கிடைச்ச விஷயம்" என்றான். ஒரு வழியாக ஊர் முன்னால் சொல்லியாயிற்று என்று மெலானியோ நினைத்துக்கொண்டான்.

ஆட்டம் தொடங்கியது. முதல் சுற்றில் வில்ஃப்ரீதோ தன் குழுக்களுக்கெல்லாம் நீல மணி வைத்தான். பிறகு எந்தத் தயக்கமும் இல்லாமல் பள்ளத்திலிருந்தவர்களின் முன்னும் ஒரு மணி வைத்தான்.

மெலானியோ அதை எதிர்பார்க்கவில்லை.

அடுத்த சுற்றிலும் வைத்தான். அதற்கடுத்த சுற்றிலும். பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி தன் கணவனிடம் சொன்னாள்: "பாருங்களேன், கைதிக்குக்கூடத் தண்ணி குடுக்கறார். அந்தக் காலத்து மனுஷங்க அப்படி." கணவன் தலையாட்டினான். "விய்யாஸ்போவா குடும்பமே அப்படித்தான்."

மெலானியோவின் காதுமடல் சூடாயிற்று. தான் வார்த்த பொம்மைகளை வைத்தே லெப்டினென்ட் புண்ணியவான் ஆகிக்கொண்டிருக்கிறார்! வில்ஃப்ரீதோ நிமிர்ந்து அவனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கேலி இல்லை. அதில் இருந்தது ஒரு கெஞ்சல். ஆனால் அந்த நேரத்தில் மெலானியோவின் கண்ணுக்கு அது கேலியாகத்தான் தெரிந்தது.

கைதிகளுக்கும் பங்கு போட்டதால் கிண்ணத்தில் மணிகள் வேகமாகக் குறைந்தன. பலகையின் ஓரத்தில் தண்ணீர் லாரி வந்து நின்றது. டிக்னோ அறிவித்தான்: "லாரி சாலைக்கு வந்தாச்சு. அடுத்த சுற்றில் உள்ள போயிடும். பொலிவியா, உன் முறை."

மெலானியோவின் இயந்திரத் துப்பாக்கி இதுவரை அரணைப் பார்த்தே நின்றது. அவன் அதைச் சாலைப் பக்கம் திருப்பினான்.

இந்த ஆட்டம் பழகிய கைக்கு அது யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. எதிரியின் தண்ணீர் கண்ணில் பட்டால் கை அங்கேதான் போகும். ஆனால் அன்று அவன் யோசித்தே செய்தான். லாரி உள்ளே போகாவிட்டால் கிண்ணம் காலியாகும். கிண்ணம் காலியானால் வில்ஃப்ரீதோவின் புண்ணியம் எத்தனை நேரம் தாங்கும், பார்த்துவிடலாம். யாரிடமிருந்து முதலில் எடுக்கிறான் என்று ஊரே பார்க்கட்டும்.

"கொம்பாத்ரே," என்றான் வில்ஃப்ரீதோ மெதுவாக, "லாரியை விட்டுடு."

"ஏன், பயமா?"

"லாரியை விட்டுடுன்னு சொல்றேன். கேளு."

"நடுவர்!" என்றான் மெலானியோ சத்தமாக. "எதிராளி கெஞ்சலாம்னு விதி இருக்கா?"

கூட்டம் சிரித்தது. பகடைகளை அவன் உள்ளங்கையில் குலுக்கி எறிந்தான். அவை உருண்டு, சமுவூ மரத்தில் மோதி, நின்றன. இப்படி ஒரு எண் அவனுக்கு ஆயுளில் விழுந்ததில்லை. டிக்னோ "ஓஹோ!" என்று கூவி, லாரியின் மேல் கறுப்புப் பஞ்சை வைத்தான். அது புகை. மண்டபம் கை தட்டியது. பராகுவாய்க்காரர்கள் தங்கள் லாரி எரிந்ததற்கே கை தட்டினார்கள், எறிந்தது அவ்வளவு அழகான எறி. மெலானியோவும் இரண்டு கைகளையும் தூக்கி ஒரு குதி குதித்தான். ஐம்பது வயது தாண்டிய மனிதன், பல்செட்டுக்காரன், குழந்தை மாதிரிக் குதித்தான்.

வில்ஃப்ரீதோ கிண்ணத்துக்குள் பார்த்தான். கைதிகளின் முன்னாலிருந்த மணியைத் தொட்டான், விட்டான், மறுபடி தொட்டான். பிறகு அதை எடுத்து அரணில் நின்ற வீரர்களின் முன் வைத்தான்.

"பாத்தீங்களா!" என்று மெலானியோ கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "எடுத்துட்டான், பாருங்க! கைதிங்ககிட்டேருந்துதான் எடுத்தான்!"

"பின்ன?" என்றார் தொப்பி போட்ட ஒரு பெரியவர். "சண்டை போடறவனுக்கு வேண்டாமா? நீ லாரியைக் கொளுத்திட்டே, அவன் என்ன செய்வான்?"

மற்றவர்கள் அதைக்கூடக் கேட்கவில்லை. வடக்கு மூலையில் காக்கிகள் எப்படி உள்ளே நுழையப் போகிறார்கள் என்றுதான் எல்லாருடைய கண்ணும். அடுத்த சுற்று வந்தது. பள்ளத்தின் முன் மணி இல்லை. விதி விதிதான். டிக்னோ வந்து உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தான். உட்காரும்படி வார்த்த பொம்மைகள் படுக்க மறுத்தன. முழங்கால் மடங்கியபடி, காற்றில் எதையோ கட்டிக்கொண்டு கிடந்தன. ஒரு பெண் கைபேசியில் படம் எடுக்க வாகாக இருக்கட்டுமென்று டிக்னோ அவற்றைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளினான்.

எடுத்த மணியும் வில்ஃப்ரீதோவைக் காப்பாற்றவில்லை. வெயில் சாய்வதற்குள் காக்கிகள் வடக்கு மூலை வழியாக உள்ளே புகுந்தன. நிஜத்தில் விழாத மூன்று சமுவூ, பலகையில் விழுந்தது. மெலானியோ தன் வீரர்களை ஒவ்வொருவராக அரணுக்குள் நகர்த்தினான். பள்ளத்தருகே வந்ததும் விரல்கள் நின்றன. மீட்டுக் கொண்டுபோக அங்கே யாரும் இல்லை.

"பொலி ஜெயிச்சுட்டான்!" என்று டிக்னோ ஒலிபெருக்கியில் கத்தினான். "வரலாற்றையே மாத்திட்டான்ப்பா!" முதுகில் தட்டல்கள் விழுந்தன. எத்தனையோ வருஷங்களில் காக்கி ஜெயித்தது இதுதான் முதல் தடவை. தொப்பிக்காரப் பெரியவரும் வந்து கை குலுக்கினார். "நல்ல வேளை அந்த லாரியைப் பாத்தீங்க. அங்கதான் ஆட்டமே திரும்பிச்சு."

கூட்டம் கலைந்த பிறகு பலகையைச் சுற்றிச் சனிக்கிழமைக் கூட்டத்துக்காரர்கள் மட்டும் மிஞ்சினார்கள். வில்ஃப்ரீதோ மணிகளைக் கிண்ணத்தில் அள்ளிக்கொண்டிருந்தான்.

"நீ மொதல்லேருந்தே குடுக்க மாட்டேன்னு நெனச்சேன்" என்றான் மெலானியோ.

"தெரியும்."

"அப்புறம் ஏன் குடுத்தே?"

"ஒருத்தராவது குடுக்கட்டுமேன்னுதான்." வில்ஃப்ரீதோ ஒரு மணியைத் தரையிலிருந்து பொறுக்கினான். "எங்க வீட்டுலயும் ஒரு கதை இருக்கு கொம்பாத்ரே. உங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். தாத்தா மொதல்ல எல்லாருக்கும் பங்கு போட்டாராம். உங்காளுங்களுக்கும். அப்புறம் லாரி எரிஞ்சுது. உங்க பீரங்கிதான். பள்ளத்துல உக்காந்திருந்தவங்க அந்தப் புகையைப் பாத்து எழுந்து நின்னு ஆரவாரம் பண்ணினாங்களாம். தொப்பியைத் தூக்கிப் போட்டாங்களாம். தாத்தா அதைப் பாத்துட்டு, 'இனிமே இவனுங்களுக்குக் கிடையாது'ன்னுட்டார். கோபத்துல சொன்னது. கோபம் தீர்ந்தப்பவும் மாத்தல. நியாயம்னு நான் சொல்லல. சாகற வரைக்கும் அவரும் சொல்லல."

மெலானியோ பொய் என்று சொல்ல வாய் திறந்தான். தாத்தா கசியானோ அப்படியெதுவும் சொன்னதே இல்லை என்பது உண்மைதான். ஆனால் அரைமணி முன்னால் தன் இரண்டு கைகளும் மேலே போனதும், தன் கால்கள் தரையை விட்டு எழும்பியதும் அவன் உடம்பிலேயே இன்னும் மிச்சமிருந்தன. சபினோவும் அப்படித்தான் குதித்திருப்பார். நம்மாள்கள் வந்துவிட்டார்கள் என்று அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்திருப்பார்.

"சரி, சரி," என்று டிக்னோ உள்ளங்கைகளைத் தேய்த்தான், "பேசினது போதும். கைதி விதி. வெச்சுக்கலாமா, எடுத்துடலாமா? என்னைக் கேட்டா ஆட்டம் இழுக்குது. ஒவ்வொரு சுற்றுலயும் அதுங்களுக்கு ஒரு கணக்கு. எடுக்கணும்ங்கறவங்க கை தூக்குங்க."

டிக்னோ தன் கையைத் தூக்கினான். இன்னொருவன் தூக்கினான். வில்ஃப்ரீதோ கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"இருக்கட்டும்" என்றான் அவன். "அந்தப் பொம்மைங்க பலகையில இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் நான் அந்த மணியை எடுத்தாலும் சரி." அவன் பக்கத்திலிருந்தவனும் அதையே சொன்னான்.

சமமாக நின்றது. எல்லாரும் மெலானியோவைப் பார்த்தார்கள். விதியைக் கொண்டுவந்தவன் அவன்தானே, அவனைக் கேட்கவே வேண்டியதில்லை என்று டிக்னோ கையைக் கீழே இறக்கப் போனான்.

மெலானியோ பஞ்சுப் புகைக்கடியில் இருந்த லாரியையும் முழங்கால் மடங்கிக் கிடந்த பொம்மைகளையும் பார்த்தான்; ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்த லாரியைக் கொளுத்தப் போவது காக்கியின் கைதான். மெலானியோ கையைத் தூக்கினான்.

"எடுக்கறதுக்கா?" என்றான் டிக்னோ. "புரிஞ்சுதானே தூக்கறே? எடுக்கணும்ங்கறவங்கதான் தூக்கச் சொன்னேன்."

"புரிஞ்சுது."

"கொம்பாத்ரே..." என்றான் வில்ஃப்ரீதோ.

மெலானியோ அவன் பக்கம் திரும்பவில்லை. "டிக்னோ சொல்றது சரிதான். ஆட்டம் இழுக்குது" என்று சொல்லிவிட்டு, எண்ணி முடிக்கும்வரை கையை இறக்காமல் நின்றான்.